ஊரை எழுதினவர்கள்

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று "பேரனைக் காட்டச் சொல்லுங்கோ" என்று போனை இழுத்துக்கொண்டிருந்தால் நான் பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிக் கதைப்பது எப்படி? அதுதான் எழுதுகிறேன். நீளமாக வரும், ரயிலில் போகும்போது வாசி.

கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த இங்கிலீஸ்காரன் ரொபேட் நொக்ஸ் 1681இல் இலங்கையைப் பற்றி அச்சிட்ட புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "இலங்கை என்று பெயரைப் போட்டுவிட்டு எங்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே அப்பா" என்றாய். ஒன்றுமே இல்லை என்பது கொஞ்சம் கூட. கடைசிப் பக்கங்களைத் திரும்பப் பார். நொக்ஸும் கூட்டாளியும் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி வடக்கே வந்து அனுராதபுரத்தில் ஏறும்போது அங்கே இருந்த சனத்துக்குச் சிங்களம் விளங்கவில்லை, அவர்கள் மலபார்கள் என்று எழுதுகிறான். மலபார் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர் சொன்னது எங்களைத்தான், தமிழரை. அங்கே அதிகாரியிடம், காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்துவிட்டு, அருவி ஆற்றங்கரையைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்து 1679 ஒக்டோபரில் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேருகிறான். அங்கேயிருந்து மன்னார். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த லோறன்ஸ் பைல், கொழும்பில் ஆளுநர் பதவியை எடுக்கப் போகும் வழியில் மன்னாருக்கு வந்து இவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். இல்லாவிட்டால் எங்கள் கோட்டை வாசலும் அந்தப் புத்தகத்தில் இருந்திருக்கும். ஆனால் இரண்டு நாள் தங்கிவிட்டு அவன் எங்களைப் பற்றி என்ன பெரிதாக எழுதியிருக்கப் போகிறான்?

அவன் எழுதினது அவன் இருந்த இடத்தை. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபடும்போது பத்தொன்பது வயதுப் பொடியன், கப்பல் கப்டனின் மகன். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் சாகிறார். அடக்கம் செய்ய உதவி கேட்டு ஊராருக்கு ஆள் அனுப்ப, மாடு கட்டுகிற கயிற்றைக் கொடுத்து, கழுத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் போடு, வேறு உதவி வேண்டுமென்றால் காசு என்கிறார்கள். அந்த ஊர்ச் சனத்தைப் பற்றித்தான் பிறகு இருபது வருடக் கணக்கில் அவன் எழுதுகிறான், கசப்பில்லாமல் எழுதுகிறான். தொப்பி பின்னி விற்றான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், நூற்றுக்கு ஐம்பது வட்டி! ஏழு மாதத்தில் விளைகிற நெல்லும் இருக்கிறது, மூன்று மாதத்தில் விளைகிறதும் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்று பார்த்துத்தான் எதை விதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள் என்று வயலில் நிற்கிறவன் மாதிரிச் சொல்கிறான். வட்டிக்குக் கொடுத்தவனுக்கு அறுவடை எப்போது என்று தெரியாமல் இருக்குமா?

எனக்கு நொக்ஸில் பிடித்தது இதுதான். அவன் யாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து விசாரிக்கவில்லை, விசாரிக்கிற நிலையில் இருக்கவுமில்லை.

உன் அப்பா கிராம சேவகராக இருந்தவர் என்பதை மறந்துவிடாதே. சனம் கடைசிவரை விதானையார் என்றுதான் கூப்பிட்டது. மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து படிவம் வரும். குடும்பம் எத்தனை, கிணறு எத்தனை, பனை எத்தனை, தென்னை எத்தனை, ஆடு மாடு எத்தனை. நான் படலையில் நின்று கேட்பேன். நிவாரணத்துக்கு என்று தெரிந்தால் குடும்பம் பெருக்கும், கொழும்பில் இருக்கிற மருமகனும் வீட்டில் சாப்பிடுகிறவராகிவிடுவார். வரிக்கோ வேறு எதற்கோ என்று சந்தேகம் வந்தால் வளவில் நிற்கிற தென்னையே குறைந்துவிடும், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போதே. சனத்தில் பிழை சொல்ல மாட்டேன். ஒரு அரசாங்கம் வந்து எண்ணினால் ஏன் எண்ணுகிறது என்று யோசிக்கத் தெரியாத சனம் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வலிகாமத்தில் யாரும் இல்லை. ஆனபடியால் ஒரு நாட்டைப் பற்றின பழைய புத்தகத்தை எடுத்தால், கேட்டவன் யார், அவனுக்கு யார் பதில் சொன்னது, சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்றுதான் என் புத்தி முதலில் போகும். தொழில் பழக்கம்.

இனி உன் கேள்விக்கு. எங்களைப் பற்றிய புத்தகம் இருக்கிறது, நொக்ஸுக்கு ஒன்பது வருடம் முந்தி. பால்டேயஸ் பாதிரியார், 1672, ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும்போது கூடவே வந்த மனிதர், பிறகு கிட்டத்தட்ட ஏழு வருடம் இங்கே ஊழியம் செய்தவர். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி என்று நாட்டைப் பிரித்து, தெல்லிப்பழை, மல்லாகம், பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை, எங்கள் சங்கானை என்று ஒவ்வொரு கோயிற்பற்றாக, அதாவது தேவாலயப் பங்காக, எழுதிக்கொண்டு போகிறார். பெயரெல்லாம் அவர் வாயில் நெளிந்து கிடக்கும், வலிகாமத்தை 'பெலிகம்' என்பார், ஆனால் விரலை வைத்து இந்த ஊர் என்று சொல்லிவிடலாம். தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை வைத்ததும் அவர்கள் காலத்தில்தான். மற்றதெல்லாம் போய் நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் தேவாலயங்களின் படங்களும் இருக்கின்றன, சங்கானையும் ஒன்று. நீ சின்னனில் சைக்கிளில் போகும்போது பார்த்த அந்த இடிந்த சுவர்தான், போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டது. முருகைக்கல் சுவர் இன்னும் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பியும் பவளப்பூச்சியின் கண்ணும் தெரியும், கையை வைத்தால் சொரசொரக்கும். மேலே கூரை இல்லை, உள்ளே பூண்டு முளைத்து ஆடு மேய்கிறது.

இப்போது என்னுடைய விதானை மூளைக்கு வருவோம். பால்டேயஸ் ஒவ்வொரு கோயிற்பற்றுக்கும் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். பெரிய பெரிய கணக்கு. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை, தேவாலயத்தில் பதியாத கல்யாணத்துக்குச் சொத்துரிமையில் சிக்கல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாவிட்டால் தண்டம். அப்படியென்றால் கூட்டம் வராமல் என்ன செய்யும்? மனிதர் மோடன் இல்லை, பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தாலும் பழைய வழக்கங்களை இவர்கள் விடவில்லை என்று தானே எழுதிவைக்கிறார். வீட்டுக்குள் வேல் இருந்திருக்கும், அவருக்கும் அது தெரிந்திருக்கும். சாதிகளைப் பற்றி எழுதுகிற இடத்தில் வெள்ளாளரை முதலில் வைத்து, மற்றவர்களை அவர்களுக்குக் கீழே வரிசையாக நிறுத்துகிறார். அந்த வரிசையை அவருக்குச் சொன்னது யார் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பள்ளரையோ நளவரையோ திண்ணையில் இருத்தி, நீ சொல்லு, எப்படி இந்த ஊர் என்று கேட்டிருந்தால் வேறு புத்தகம் வந்திருக்கும். அதை நூறு வருடத்துக்கு மேல் கழித்து வந்த இங்கிலீஸ்காரரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்துக்களின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதின பெரிய பகுதியை அப்படியே நம்பிவிடாதே. பெனிசியோ என்ற யேசுசபைப் பாதிரியார் கேரளத்தில் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது அது. யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. 1933இல்தான் ஒரு ஆய்வாளர் அதை வெளியே கொண்டுவந்தார். பாதிரியாரே களவெடுத்தால் பிறகு என்ன!

அதைவிடப் பெரிய வேடிக்கை கெய்றோஸ் பாதிரியார். போர்த்துக்கேயர் இலங்கையைப் பிடித்ததையும் விட்டதையும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதினவர், 1687இல் முடித்தார், ஆனால் இலங்கையில் கால் வைத்ததே இல்லை. கோவாவில் இருந்துகொண்டு இங்கே சண்டை பிடித்துத் திரும்பினவர்களையும் பழைய கடதாசிகளையும் வைத்து எழுதினார். யாழ்ப்பாணத்துக் கடைசி மன்னன் சங்கிலியை 1619இல் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனதை அறிய அவரை விட்டால் வேறு வழி குறைவு. தோற்ற சிப்பாய் சொல்கிற கதை என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் சரி.

எங்கள் ஆட்கள் எழுதினது எங்கே என்று அடுத்து கேட்பாய். யாழ்ப்பாண வைபவமாலை. மாதகல் மயில்வாகனப் புலவர், 1736 அளவில். கைலாயமாலை, வையாபாடல் போன்ற பழைய நூல்களை வைத்துக் கோத்தது. அதையும் எழுதக் கேட்டது ஒல்லாந்த அதிகாரிதான். பார்த்தாயா, எங்கள் சரித்திரத்தை எங்கள் மொழியில் எழுதினதும் துரை கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான். வருடக் கணக்குகள் அதில் தாறுமாறு. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்று தனிப் புத்தகமே போட்டு அதைப் பிய்த்து வைத்தார். எனக்கு வருடம் பிழைத்தது பெரிய விசயமாகத் தெரியவில்லை. எந்த ஊரில் யாரைக் கொண்டுவந்து குடியேற்றினது என்று பெயர் பெயராகப் புலவர் சொல்கிறாரே, அந்த இடத்தில்தான் நான் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். 1736இல் நிலம் வைத்திருந்த எந்தக் குடும்பத்துக்கு அந்த வரிகள் இனித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு வாசி.

சைமன் காசிச்செட்டியை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். கற்பிட்டியில் பிறந்த தமிழர், 1834இல், இருபத்தேழு வயதில், இலங்கை முழுவதையும் ஊர் ஊராக அகரவரிசையில் இங்கிலீசில் எழுதி அச்சடித்தார். அதில் கதை இல்லை, சுவாரசியம் தேடினால் தூங்கிவிடுவாய். எனக்கு அது தேன்.

இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ரெனன்ற் துரை 1859இல் போட்ட இரண்டு பெரிய தொகுதிகளில் யாழ்ப்பாணத் தோட்டங்களையும் பனையையும் பற்றி நல்ல பக்கங்கள் உண்டு. துலா இறைப்பை அவர் மெச்சுகிறார். நீ துலாவைக் கண்டிருக்க மாட்டாய், நீ பிறக்க முதலே எல்லாரும் மெசினுக்கு மாறிவிட்டார்கள். அம்மப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் நான் மிதித்திருக்கிறேன். ஆடுகாலில் கிடக்கிற நீட்டு மரத்தில் ஏறி முன்னுக்கு நடந்தால் தண்ணீர் அள்ளுகிற பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னுக்கு நடந்தால் நிரம்பி மேலே வரும், கீழே நிற்கிறவர் அதைப் பிடித்து வாய்க்காலில் சரிக்க வேண்டும். விடியற்புறம் இருட்டோடு தொடங்கினால் வெயில் ஏற முந்தி முடிக்கலாம். ஒரு கை பிடிக்கக் கூடக் கயிறு இல்லை, கால் இடறினால் கிணறு. இதெல்லாம் வழியால் போகிற துரைக்குக் கண்ணில் படும். ஆனால் அந்தக் கிணறு பங்குக் கிணறு, செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை, மற்ற நாளில் பட்டை போட்டால் வழக்கு, அந்த வழக்கு மல்லாகம் நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் என்பது துலாவைப் பார்த்தால் தெரியாது.

இந்தப் புத்தகங்களை நான் முதலில் தொட்டது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில். 1981 ஜூன் முதலாம் தேதி விடியும்போது தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களோடு அது எரிந்து கிடந்தது. அதைப் பற்றி உனக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது. இப்போது வைபவமாலை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இருக்கிறது, காசில்லாமல் வாசிக்கலாம். பால்டேயஸுக்கு பீட்டர் புறோகியர் செய்த இங்கிலீஸ் மொழிபெயர்ப்பு 1960இல் அச்சில் வந்தது, இலங்கைப் பகுதி மட்டும், அதை எடு. 1703இல் லண்டனில் வந்த பழைய மொழிபெயர்ப்பு வேண்டாம், எழுத்து கண்ணைக் குத்தும்.

ஒரு உதவி. ரொறன்ரோ பல்கலைக்கழக நூலகத்தில் பால்டேயஸின் 1672 பதிப்போ, படங்களோடு வந்த வேறு பதிப்போ இருக்கிறதா என்று கேட்டுப்பார். இருந்தால் சங்கானைப் படத்தையும் பண்டத்தரிப்புப் படத்தையும் வடிவாகப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பு, வாட்ஸ்அப்பில் போட்டால் மங்கிவிடும். சங்கானைச் சுவரில் மேற்குப் பக்கம் அடைபட்ட மாதிரி ஒரு இடம் கிடக்கிறது, அது பழைய வாசலா, பிறகு யாரோ கல் எடுத்த ஓட்டையா என்று எனக்கும் பக்கத்து வீட்டு மாஸ்டருக்கும் வாக்குவாதம். அவர் வாசல் என்கிறார்.

அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கட்டி வைத்திருக்கிறாள், வருகிற மாதம் ஆள் வருகுதாம், கொடுத்துவிடுவோம்.

அன்புடன்
அப்பா