புற்றுநோயும் பிளாஸ்மா மாற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயாளிகளின் குடும்பத்தார், ‘ரத்தத்தையே சுத்தம் செய்து தருகிறார்களாமே, அதற்கு எவ்வளவு செலவாகும்?’ என்று கேட்பதுண்டு. பிளாஸ்மா மாற்றத்தையே அவர்கள் அப்படிக் குறிப்பிடுகிறார்கள்.

ரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தி, அணுக்களை உடலுக்கே திருப்பிவிட்டு, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மட்டும் வெளியேற்றி, அதற்கு ஈடாகப் பெரும்பாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் 5 சதவீதக் கரைசலை ஏற்றுவதே இச்சிகிச்சை. உடலிலுள்ள பிளாஸ்மாவின் அளவுக்கு ஒருமுறை மாற்றினால், ரத்தக்குழாய்க்குள் இருக்கும் புரதங்களில் 60 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கெட்ட புரதம், நல்ல புரதம் என்ற பாகுபாடு இயந்திரத்துக்குக் கிடையாது. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் சில நாட்களில் மீண்டுவிடும். தொற்றைத் தடுக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதமோ, அடுத்தடுத்துப் பல முறை மாற்றியபின் பழைய அளவை எட்ட வாரக்கணக்கில் ஆகும். ஆல்புமின் கரைசல் அந்தக் குறையை ஈடுசெய்யாது. கீமோதெரபியால் ஏற்கெனவே வெள்ளணுக்கள் குறைந்தவருக்கு இது சிறிய இழப்பன்று.

இச்சிகிச்சை வீண் என்று சொல்ல வரவில்லை. வால்டன்ஸ்ட்ராம் எனும் அரிய ரத்தப் புற்றுநோயில் ஐஜிஎம் என்ற பெரிய எதிர்ப்புப் புரதம் பெருகி ரத்தம் கெட்டியாகும், மூக்கிலிருந்து ரத்தம் கசியும், பார்வை மங்கும், விழித்திரையின் சிரைகள் புடைத்தும் இடையிடையே நெரிபட்டும் தெரியும். ஐஜிஎம் பெரும்பகுதி ரத்தக்குழாய்க்குள்ளேயே தங்குவதால், ஓரிரு முறை மாற்றினாலே நோயாளி தெளிவடைவார். ஆனால் அதைச் சுரக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் அப்படியே இருப்பதால், மருந்தும் உடன் தொடங்கப்படாவிட்டால் பழைய நிலையே திரும்பும்.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மற்றொரு ரத்தப் புற்றுநோயான மைலோமாவால் சிறுநீரகம் பழுதாகும்போது நிலைமை வேறு. அங்கே கேடு செய்யும் சிறு புரதங்கள் பெருமளவு ரத்தக்குழாய்களுக்கு வெளியே பரவிக் கிடக்கின்றன. கனடாவில் நடந்து 2005-இல் வெளியான, நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு, பிளாஸ்மா மாற்றத்தால் தெளிவான பலன் இருப்பதாகக் காட்டவில்லை. நோயெதிர்ப்பைத் தடுக்கும் பொருள்களை அகற்றினால் கட்டிகள் கரையும் என்ற நம்பிக்கையில் 1970-களில் நடந்த முயற்சிகளும் வழக்கமான சிகிச்சையாக வேரூன்றவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ரிட்டுக்ஸிமாப், பெம்புரோலிசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளும் எதிர்ப்புப் புரதங்களே. ஏற்றிய சூட்டோடு பிளாஸ்மாவை மாற்றினால், விலையுயர்ந்த அம்மருந்தும் கழிவுப் பைக்குள் போய்விடும். பெம்புரோலிசுமாப் தூண்டிவிட்ட நோயெதிர்ப்பு, நோயாளியின் நரம்பையும் தசையையுமே தாக்கும் நெருக்கடியில் சில வேளை பிளாஸ்மா மாற்றம் கைகொடுக்கிறது என்பது வேறு விஷயம். ஆகவே கடைசியாக எந்த மருந்து, எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்பதை, இயந்திரத்தை இயக்கும் பிரிவினரிடம் குடும்பத்தார் எழுத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ரத்த வங்கி மருத்துவர், மதுரை