தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு: மெய்ப்புப் பார்க்க ஓர் ஆள் வையுங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புத்தகக் காட்சியை எதிர்பார்த்து டிசம்பரில் அவசரமாக அச்சுக்குப் போய், ஜனவரியில் மை வாசனையோடு அரங்குக்கு வந்து சேரும் நூல்களைப் பற்றி எழுதுகிறேன். அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்தும் வேலை. அட்டைக்கு ஓவியர் கிடைக்கிறார், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் கிடைக்கிறது. பிழை திருத்துபவருக்குக் கொடுக்க மட்டும் கட்டுப்படியாவதில்லை.

விளைவு உங்களுக்கே தெரியும். ஔவையார் 'ஒ'வும் 'ள'வுமாக உடைந்து 'ஒளவையார்' ஆகிறார். பழைய நூலை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி (OCR) மென்பொருளில் எடுத்த பதிப்புகளில் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்கிறது. 'காலம்' 'கரலம்' ஆகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய நாட்டுடைமையான நூல்களில் இது இன்னும் மோசம். இரண்டு பதிப்பகங்களின் நூலில் ஒரே பிழை ஒரே வரியில் இருந்தால், கோப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

"சின்னச் சந்தை, இந்த விலைக்கு இவ்வளவுதான் முடியும்" என்பீர்கள். அச்சுக்கூலியும் காகித விலையும் ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் 1950களில் பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களை மலிவு விலையில் போட்டார். அறிஞர்களை உட்கார வைத்து மூலப் பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, சாதாரண வாசகரும் படிக்கும்படி சந்தி பிரித்துப் போட்டார். இன்றும் ஆய்வாளர்கள் அந்தப் பதிப்புகளைத் தேடிப்போகிறார்கள். மலிவு விலையும் செம்மையும் ஒரே நூலில் சேர்ந்திருந்த காலம் ஒன்று நமக்கு இருந்தது.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. 1907-ல் வந்த இரண்டாம் பதிப்புக்காக மறுபடியும் அதைத் திருத்தினார். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம் அது. நீங்களோ தேவைக்கேற்ப ஐம்பது, நூறு படிகளாக அச்சிடுகிறீர்கள். அடுத்த நூறுக்கு முன் கோப்பைத் திறந்து திருத்த ஒரு பிற்பகல் போதும். இருந்தும் 'மூன்றாம் பதிப்பு' என்று போட்ட நூலில் முதல் பதிப்பின் பிழைகள் அப்படியே இருக்கின்றன. எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். முதல் பதிப்புக்கு அவசரம் என்று ஒரு காரணம் உண்டு. மூன்றாவதற்கு என்ன காரணம்?

வாசகர்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்பதும் உண்மை. பிழை மலிந்த நூலைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமையை நம்பித் தொழில் நடத்தாதீர்கள்.

நூலாசிரியரே மெய்ப்பும் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவது பலிக்காது. தான் எழுதியதில் தன் கண் பிழையைத் தாண்டித்தான் போகும். வேறொருவர் படிக்க வேண்டும். அவருக்குப் பக்கக் கணக்கில் நியாயமான கூலி தர வேண்டும், பதிப்புரிமைப் பக்கத்தில் அவர் பெயர் வர வேண்டும். பிழை கண்ட வாசகர் எழுத அதே பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் போடுங்கள். செலவில்லாமல் திருத்தம் வந்து சேரும்.

ஜனவரிக்குள் மெய்ப்பு முடியாவிட்டால் நூலை நிறுத்தி வையுங்கள். ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழா இருக்கிறது. அங்கே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்