போர்டு போகவில்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுவது. பழைய இரண்டு ராம் (மெமரி) ஸ்டிக்கோடு புதுசாக இரண்டு போட்டதும் கம்ப்யூட்டரில் திரையே வரவில்லை என்று ராத்திரி போனில் நீ பேசிய பதற்றத்தில் நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்.

முதலில் ஒன்று. நீ எதையும் எரித்துவிடவில்லை. அங்கே புனேயில் ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போயிருக்கும்" என்றாராமே, அதை நம்பிப் புது போர்டுக்குப் பணம் கட்டிவிடாதே. முந்தின நாள்வரை ஓடிய மெஷின் ராம் போட்டதும் நின்றால், சந்தேகம் முதலில் ராம்மேல். அப்புறம், நீ கை வைத்தபோது அசைந்திருக்கக்கூடிய ஒயர்மேல். போர்டும் பிராசசரும் கடைசியில்தான். எங்கள் பாலிடெக்னிக் லேபில் டிஸ்பிளே வராத மெஷின்களை இந்த வரிசையில்தான் பார்ப்போம். இந்த வரிசை மாறினால் வீண் செலவுதான்.

ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் சிக்னல் இல்லை, போர்டில் டிராம் என்று போட்டிருக்கும் சின்ன விளக்கு மட்டும் அணையவே இல்லை என்றாய். அந்த இடத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் தொடங்குவது) என்று நாலு விளக்கு இருக்கும். போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும், எதில் நிற்கிறதோ அதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உன்னுடையது சிபியுவைத் தாண்டி ராமில் நிற்கிறது. ஆக, பிராசசர் பேசுகிறது, பவரும் வருகிறது. இது நல்ல செய்தி.

அடுத்தது, நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன் என்றாய். உன்னுடையது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசை பிராசசர், டிடிஆர்5 தலைமுறை ராம். ராமை மாற்றியதும் முதல் முறை ஆன் செய்தால், இந்த போர்டுகள் மெமரி டிரெயினிங் என்று ஒரு வேலை செய்யும். பிராசசரிலிருந்து ராமுக்குப் போகும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை டேட்டா போய் வருகிறது. அந்த வேகத்தில் செம்புக் கோட்டின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கணக்கில் வரும். அதனால் போர்டு தனக்குத் தெரிந்த ஒரு டேட்டாவை எழுதும், திருப்பிப் படிக்கும், தப்பாக வந்தால் நேரத்தையும் வோல்ட்டேஜையும் கொஞ்சம் நகர்த்தி மறுபடி எழுதும். கச்சேரிக்கு முன்னால் மிருதங்கத்தைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பது மாதிரி. இது முடிகிறவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். உன்னைப் போல 64 ஜிபி போட்டால் 10, 15 நிமிடம்கூட ஆகலாம். நடுவில் அதுவாகவே அணைந்து மறுபடி ஆன் ஆனாலும் பயப்படாதே. நடுவில் நீ அணைத்தால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய டிடிஆர்3, டிடிஆர்4 மெஷின்களில் இவ்வளவு நேரம் யாரும் காத்திருந்ததில்லை. அதனால்தான் அனுபவமுள்ள டெக்னீஷியன்களே இதில் அவசரப்படுகிறார்கள்.

ஆனால் உன் விஷயத்தில் காத்திருந்தால் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். போன வருஷம் மெஷினைக் கட்டியபோது எக்ஸ்போவை, அதாவது ராமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்கை, ஆன் செய்து ராமை 6000 வேகத்தில் ஓட்டுகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். பெட்டியில் போட்டிருக்கும் அந்த 6000, ராம் கம்பெனி தன் ஸ்டிக்குகளைச் சோதித்து எழுதிய வேகம். ஏஎம்டி உன் பிராசசருக்குச் சொல்லும் வேகம், இரண்டு ஸ்டிக் இருந்தால் 5200. நாலு ஸ்டிக் போட்டால் 3600. ஒரே சேனலின், அதாவது பிராசசரிலிருந்து வரும் ஒரே பாதையின், கோட்டை இரண்டு ஸ்டிக் பகிர்ந்துகொள்வதால் சிக்னல் அவ்வளவு மோசமாகிவிடுகிறது. இப்போது உன் போர்டு பழைய 6000 செட்டிங்கைப் பிடித்துக்கொண்டு, நாலு ஸ்டிக்கையும் அந்த வேகத்துக்கு இழுக்கப் பார்க்கிறது. அதிலும் இரண்டு பழசு, இரண்டு புதுசு. பெயரும் மாடல் நம்பரும் ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம். என் சந்தேகம் முக்கால்வாசி இங்கேதான்.

சரி, வேலையைத் தொடங்கு. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) பின்னால் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டை உருவிவிடு. ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது, கார்டு சொருகியிருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். உருவிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடி, மிச்சம் இருப்பதும் வடிந்துவிடும். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் ராமைத் தொடு.

நாலையும் கழற்று. பழைய ஸ்டிக்கில் ஒன்றை மட்டும் எடுத்து, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடு. மேனுவலில் அதற்கு ஏ2 என்று பெயர். இதில் ஒன்றைக் கவனி. நிறைய போர்டுகளில் லாக் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது. லாக் இருக்கிற பக்கம் 'டிக்' என்று சத்தம் வந்ததும் உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள், எதிர்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார். அப்படியே 24 பின் கனெக்டரையும், மேல் மூலையில் இருக்கும் 8 பின் கனெக்டரையும் ஒரு தடவை அழுத்திவிடு. ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்டாய். லேபில் வருஷக்கணக்காகத் தூசி படிந்த பழைய ராமுக்கு அதைச் செய்வோம். புது ஸ்டிக்குக்கு அது வேண்டாம், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது தனி வம்பு.

இப்போது ஆன் செய்துவிட்டு, போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வா. திரை வந்தால் பயாஸுக்குள், அதாவது போர்டின் செட்டிங் மெனுவுக்குள், போய் எக்ஸ்போவை அணை. கீழே சொல்லியிருக்கும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) கீயை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கி பென் டிரைவில் போட்டு அப்டேட் செய். ரைசன் 7000 போர்டுகளுக்கு வந்த பல பயாஸ் அப்டேட்டுகள் ராம் சம்பந்தப்பட்டவைதான். அதன் பிறகு பழைய ஜோடி, அது சரியாக ஓடினால் புது ஜோடி தனியாக, அதுவும் ஓடினால் நாலும். ஒவ்வொரு தடவையும் பொறுமையாக நேரம் கொடு. புது ஸ்டிக்கில் ஒன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் வரவில்லை என்றால் அதுதான் பழுது, வாரண்டியில் மாற்றித் தருவார்கள். பெட்டியையும் பில்லையும் தூக்கி எறியாதே.

ஒரு ஸ்டிக்கோடும் திரை வரவில்லை என்றால் சீமாஸ் கிளியர் செய்ய வேண்டும், அதாவது போர்டு பிடித்து வைத்திருக்கும் பயாஸ் செட்டிங்குகளை அழிக்க வேண்டும். முன்போலவே பவர் கார்டை உருவிவிட்டு, மேனுவலில் சொல்லியிருக்கும் இரண்டு பின்னைச் சேர்த்துத் தொடு, அல்லது வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வை. ஆனால் இதற்கும் பயாஸ் அப்டேட்டுக்கும் முன்னால், போனில் உன் மைக்ரோசாப்ட் அக்கவுண்டைத் திறந்து பிட்லாக்கர் ரிகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கத்தையும் ஒரு பேப்பரில் எழுதி வை. விண்டோஸ் 11 நீ கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கலாம். பயாஸ் மாறியதும் அந்தக் கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் ராம் சரியாகியும் உன் புராஜெக்ட் ஃபைல்கள் கைக்கு வராது. எனக்கு ராமைவிட இதுதான் கவலை.

விண்டோஸ் வந்ததும் எடிட்டிங்கில் உட்கார்ந்துவிடாதே. மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதிக்கும் புரோகிராம் இலவசம், பென் டிரைவிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிடு. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமை நம்பக்கூடாது. கெட்ட ராம் எப்போதும் மெஷினை நிறுத்திக் காட்டாது. ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும் வீடியோவுக்குள் சத்தமில்லாமல் ஒரு பிட்டை மாற்றிவிட்டுப் போகும், கிளையண்ட் பார்த்துச் சொல்லும்போதுதான் உனக்குத் தெரியும்.

நாலு ஸ்டிக்கும் 3600-இல் நிலையாக ஓடினால் அப்படியே விடு, அதைத் திரும்ப 6000-க்கு இழுக்காதே. உன் வேலைக்கு வேகத்தைவிட இடம்தான் முக்கியம். நிலைக்கவில்லை என்றால் புது ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே பேக்காக வாங்கு. என்னைக் கேட்டால் முதலிலேயே அதுதான் சரி என்பேன். பழைய ஜோடியை விற்றது போக எவ்வளவு குறைகிறது என்று சொல், அப்பா கணக்கில் போட்டுவிடுவார்.

ஒரு ஸ்டிக்கோடு ஆன் செய்ததும் அந்த விளக்குகள் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. நான் மதியம் 2 மணிக்கு மேல் ஃப்ரீதான்.

அன்புடன்,
அம்மா