பொருக்கைக் கிள்ளாதீர்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முகத்தில் வளரும் முடியை, அதன் வேரில் மெல்லிய ஊசியை நுழைத்து மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ரோலிசிஸ் முறையில் நிரந்தரமாக எடுப்பது பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு தோல் எப்படி ஆறும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நான் தாடையில் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் கடுகைவிடச் சின்னதாகப் பொருக்குகள் வந்ததும் பயந்துபோய் நகத்தால் கிள்ளிவிட்டேன், கிள்ளிய இடத்தில் இன்றும் குழி இருக்கிறது.

ஊசி நுழைந்த இடம் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள், சிவந்து வீங்குவது இயல்புதான். பொருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரும். அதைத் தொடவே கூடாது. அப்புறம், மாநிறமோ கறுப்போ உள்ள தோலில் வருகிற பழுப்புப் புள்ளிகளைத் தழும்பு என்று நினைத்து எத்தனை பேர் அழுகிறார்கள்! பெரும்பாலும் அது நிறமி கூடியதுதான், மாதக்கணக்கில் மெல்ல மங்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், அதனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும்.

குழியோ மேடோ விழுந்தால்தான் தழும்பு. மின்சாரத்தை அளவுக்கு மீறி வைத்தாலோ, நெருக்கமாக உள்ள முடிகளை ஒரே நாளில் எடுத்தாலோ அது வரலாம். கீலாய்டு (காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) வரும் உடம்புக்காரர்களும், பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுகிறவர்களும் முதலில் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்குச் செய்தவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. உங்கள் மருத்துவப் பக்கத்திலாவது ஒரு தோல் மருத்துவரை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி