அக்கா, நான் ஜொகூருக்குத்தான் போகிறேன்

அக்கா,

முன்பணம் கட்டியாகிவிட்டது. மலேசியாவின் ஜொகூரில், ஸ்கூடாயில் இருக்கும் யூடிஎம் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), சிவில் இன்ஜினியரிங், நான்கு வருடம். அம்மா சொன்னதும் நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டாயாம். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. நாம் இருவரும் போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "சரி விடு" என்று சொல்லிவிடுகிறோம், அப்புறம் அம்மாதான் நடுவில் கிடந்து தவிக்கிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன். என் பதிவுகளை நீ எவ்வளவு கோபத்திலும் கடைசி வரி வரை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவும் வாசிப்பார், அதுவும் தெரியும். அதனால் என் கட்டணம் எவ்வளவு, எங்கிருந்து புரட்டினேன் என்பதெல்லாம் இதில் இருக்காது. (வணக்கம் சித்தப்பா.)

சிங்கப்பூரிலிருந்து நீ அப்புறம் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "இங்கே நான் இருக்கும்போது எதற்கு அங்கே?"

முதலில் "இங்கே" என்ன இருந்தது என்று பார்ப்போம். நீ படித்த இடத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சிங்கப்பூர் அரசின் மானியம் போக ஆண்டுக்கு 17,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் கட்டியிருக்க வேண்டும், அந்த மானியத்துக்காகப் படித்து முடித்த பிறகு மூன்று வருடம் அங்கேயே வேலை செய்தாக வேண்டும். அந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கடுத்து நீ சொன்னது அந்தத் தனியார் கல்லூரி. எடுட்ரஸ்ட் என்ற அரசுத் தரச் சான்று இருக்கிறது, கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அங்கே மானியம் கிடையாது. உன்னை மாதிரி பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை பார்க்கலாம். தனியார் கல்லூரி மாணவனுக்கு அந்த அனுமதி இல்லை. அப்படியென்றால் நான்கு வருடமும் உன் வீட்டு ஹாலில் படுத்து, மாமா வேலைக்குக் கிளம்பும்வரை குளியலறைக்குக் காத்திருந்து, பஸ் கார்டுக்கும் உன்னிடம் கேட்டு வாங்க வேண்டும். நீ கொடுப்பாய். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. எனக்கிருக்கும் பயமே அதுதான்.

மற்ற நாடுகளைப் பார்க்காமல் போய் விழுந்துவிட்டேன் என்று நினைக்காதே. தாய்லாந்தைத்தான் அதிக நாள் பார்த்தேன். பாங்காக்கை ஒட்டி தம்மசாத் பல்கலைக்கழகத்தின் சிரிந்தோன் நிறுவனம் இருக்கிறது, அங்கே சிவிலை முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள். கிட்டத்தட்ட விண்ணப்பமே போட்டுவிட்டேன். 90 நாளுக்கு ஒருமுறை குடிநுழைவுத் துறையிடம் "இங்கேதான் இருக்கிறேன்" என்று பதிவு செய்ய வேண்டும், அது பெரிய தொல்லை இல்லை. என்னைத் தடுத்தது அம்மா. வாயால் ஒன்றும் சொல்லவில்லை, வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மலேசியாவில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன என்றதும் முகம் மாறிவிட்டது. பார்க்க வந்தால் நாலு பேரிடம் வழி கேட்கலாம் இல்லையா, அவ்வளவுதான் அவள் கணக்கு. இந்தோனேசியாவில் பாண்டுங் தொழில்நுட்பக் கழகம் (ஐடிபி) மேல் ஒரு ஆசை இருந்தது. 1920இல் தொடங்கிய இடம், அந்த நாட்டின் முதல் அதிபர் சுகர்ணோ சிவில் படித்ததும் அங்கேதான். ஆனால் வழக்கமான வகுப்புகள் இந்தோனேசிய மொழியில். முதலில் மொழி படிக்கவே ஒரு வருடம் போய்விடும், அந்த ஒரு வருடத்தின் சாப்பாடும் வாடகையும் கணக்கில் ஏறும். வியட்நாமில் ஆங்கிலத்தில் என்றால் ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கிளைதான் கண்ணுக்குப் பட்டது, அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன். பிலிப்பைன்ஸ் பற்றி நான் கேட்ட எல்லோரும் மருத்துவத்தைப் பற்றியே பேசினார்கள்.

மலேசியாவிலும் மோனாஷ், நாட்டிங்காம் மாதிரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் உண்டு. அவற்றின் சொந்த நாட்டில் கட்டுவதை விடக் கட்டணம் குறைவு, ஆனால் நமக்கு அதிகம். ஏஜெண்ட் ஒருவர் (பெயர் வேண்டாம், நம் சொந்தத்துக்குச் சொந்தம்) ஒரு தனியார் கல்லூரியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ரிங்கிட் மலிவு தம்பி, கண்ணை மூடிட்டுப் போங்க" என்றார். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நானே இணையத்தில் விண்ணப்பிக்கலாமே என்று கேட்டதும் குரலே மாறிவிட்டது. கமிஷன் எங்கே இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

மலிவு என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. படிப்புக் கட்டணத்தோடு, வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் அமைப்பின் கட்டணம், காப்பீடு, போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, வருடா வருடம் மாணவர் பாஸ் புதுப்பிப்பது எல்லாம் எழுதிப் பார்த்தேன். புதுப்பிக்க 80 சதவீத வருகையும் 2.0 மதிப்பெண் சராசரியும் வேண்டும், அதனால் பாடத்தில் சறுக்கினால் பாஸும் சறுக்கும். பகுதி நேர வேலையை நம்பவே கூடாது. ஏழு நாளுக்கு மேல் விடுமுறை இருக்கும்போது மட்டும், வாரம் 20 மணி நேரம், அதுவும் அனுமதி வாங்கி. என் கணக்கில் சம்பளம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் கணக்கு கட்டுபடியானது.

பட்டத்தைப் பற்றியும் கேட்டாய், "யாரு மதிப்பா?" என்று. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் சேர்ந்தது 2006இல், மலேசியா 2009இல். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து அதில் யாரும் அங்கீகாரம் கொடுப்பதில்லை, ஒவ்வொரு படிப்பாகத்தான். நான் சேர்ந்திருக்கும் படிப்பு அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். நீ இன்ஜினியர், உனக்கு இதை நான் சொல்லத் தேவையே இல்லை. நீ கேட்டது பட்டத்தை இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

ப்ளஸ் ஒன் லீவில் உன்னைப் பார்க்க வந்தேனே, ஒரு சாயங்காலம் உட்லண்ட்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப் போனாய். கடலுக்குள் நீண்டு போகும் அந்த ஜெட்டியின் முனை வரை நடந்தோம். எதிரே மலேசியாவின் ஜொகூர் பாரு. இவ்வளவு கிட்டத்தில் வேறொரு நாடு இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை, கட்டடங்களின் ஜன்னல் வெளிச்சம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பக்கவாட்டில் இரண்டு நாட்டையும் இணைக்கும் கடல் சாலை, காஸ்வே, அதன்மேல் வண்டிகள் நகராமல் நின்றன. நீ கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "விடியறதுக்கு முன்னாடி எழுந்து இங்க வந்து சம்பாதிச்சிட்டு, ராத்திரி அங்க போய்த் தூங்கறாங்கடா. இங்கேருந்து அங்க போறவங்க பெட்ரோலுக்கும் மளிகைக்கும்தான் போவாங்க." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "என்னை யாரும் கேக்கலடா. எங்க படிக்கணும், என்ன படிக்கணும்னு ஒருத்தரும் கேக்கல. மானியம் கிடைச்சது, அப்பா ஜாமீன் கையெழுத்து போட்டார், நான் ஃப்ளைட் ஏறினேன்" என்றாய். உனக்கு அப்போது பதினெட்டு. பாதியில் விட்டால் வாங்கிய மானியத்தை வட்டியோடு கட்ட வேண்டும் என்ற தாளில் அப்பா கையெழுத்து. அதை நினைத்து முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு தேர்வுக்கு முந்தின இரவும் வாந்தி எடுத்ததாகச் சொன்னாய். அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாய், நான் சின்னப் பையன், மறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். (அம்மா, நீ இதை வாசித்தால் அவளிடம் இதைக் கேட்காதே.)

நான் மறக்கவில்லை. எந்த நாடு என்று நான் யோசிக்க ஆரம்பித்தபோது கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன்னால், முடித்த பிறகு யாருக்கு என்ன கட்ட வேண்டும் என்றுதான் பார்த்தேன். நீ எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது. அப்படிப் பார்த்தால் நான் யாருக்கும் ஒரு வருடம்கூடக் கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டாம், வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும், யாரும் எதிலும் கையெழுத்து போட வேண்டாம். இதைத்தான் நீ "குறைவான இடத்துக்கு ஒத்துக்கிட்ட" என்கிறாய்.

ஒத்துக்கொண்டது யார் அக்கா? "மூணு வருஷம் முடிஞ்சா பொண்ணு வந்துடும்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மளிகைக் கடைக்காரரிடம்கூட. மூன்று வருடம் முடிந்தது, நீ அங்கே பிஆருக்கு (நிரந்தரவாசத்துக்கு) விண்ணப்பித்துவிட்டாய் என்ற செய்திதான் வந்தது. அப்பா "நல்லதும்மா" என்று போனில் சொன்னார். போனை வைத்த பிறகு என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது, நான் சொல்லவும் போவதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் லீவு கிடைக்கவில்லை என்றாய். நம்புகிறேன். இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன், நாலு பேர் பார்க்கும் இடம்.

இதைப் படித்ததும் நீ அழுவாய். இதையெல்லாம் நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ட்யூஷன், ஹாஸ்டல், கண்ணாடி, பல் கம்பி எல்லாம் உன் சம்பளம். உன் கல்யாணத்துக்கு நீ எடுத்த புடவையின் விலை என் பன்னிரண்டாம் வகுப்புக் கட்டணத்தை விடக் குறைவு, அந்த ரசீதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே பணம் வந்திருக்கும், நீ சொன்ன கல்லூரிக்கு. மறைத்தது உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் மறைத்தேன், அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் இன்னொரு தடவை வந்தாலும் மறைப்பேன். உனக்கு நான் பட்ட கடனுக்கே ஒரு ஒப்பந்தம் போட்டால் மூன்று வருடத்தில் முடியாது.

மாமாவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் அது அவருக்கும் எனக்கும் நடுவில்.

சரி, ஆக வேண்டியதைச் சொல்கிறேன். விசா ஒப்புதல் கடிதம் வந்ததும் டிக்கெட் போடுவேன். நீ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கச் சொல்வாய், வந்து கூட்டிப் போகிறேன் என்பாய், இரண்டு நாள் உன் வீட்டில் இருந்துவிட்டுப் போகச் சொல்வாய், அந்த இரண்டு நாளில் என் மனதை மாற்றப் பார்ப்பாய். வேண்டாம். கோலாலம்பூர் வழியாக ஜொகூரின் செனாய் விமான நிலையத்தில் இறங்கிக்கொள்கிறேன், அங்கிருந்து ஸ்கூடாய் பக்கம்தான். நீ அம்மா கணக்கில் போட்ட பணம் அப்படியே இருக்கிறது. அதை நான் தொடவில்லை, உனக்குத் திருப்பியும் அனுப்பவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அதில் மட்டும் என்னோடு சண்டை போடாதே. பாயும் போர்வையும் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, அங்கே கடை இருக்கிறது.

முதல் மாதம் வராதே. மலாய் மொழிப் பாடம் ஒன்று கட்டாயமாம், அதில் நான் தடுமாறுவதை நீ பார்க்க வேண்டாம். அதற்கப்புறம் வா. வெள்ளி சாயங்காலமோ சனிக்கிழமையோ கிளம்பினால் காஸ்வேயிலேயே பாதி நாள் போய்விடும், அதனால் நடுவாரத்தில் லீவு போட்டு வா. கிடைக்கும் இல்லையா? மாமாவின் காரில் வருவதாக இருந்தால் டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், இல்லையென்றால் சிங்கப்பூர் வண்டியை உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தம்பி