பெரிய சியாக்காப்பைக் கடலிலேயே விட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கனடாவின் மேற்குக் கரையில் ஹாலிபட்டும் சால்மனும் பிடிக்கச் செல்லும் கடற்பயணம் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். வான்கூவர் தீவிலுள்ள யுக்ளூலெட் துறையிலிருந்து என் மகனோடு அப்படியொரு பயணம் போய்வந்தவன் நான். மீன்கள் எவ்வளவு பெரியவை என்று விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்ட ஹாலிபட்டை அங்கே வைத்துக்கொள்ளவே கூடாது என்ற விதியைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. மலேசியாவில் பாகான் டத்தோவிலிருந்து சபாக் பெர்ணம் வரை நீளும் எங்கள் கரையில் பிடிபடும் சியாக்காப் என்ற கொடுவா மீனுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த விதிதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஹாலிபட் கடலடியில் படுத்துக் கிடக்கும் தட்டை மீன். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும் அது, வளர வளர இடக்கண் வலப்பக்கம் நகர்ந்துவிட, ஒரு பக்கமாகச் சாய்ந்து வாழத் தொடங்குகிறது. அதைப் பிடிக்க, கனத்த ஈயக்குண்டைக் கட்டி, 60, 80 மீட்டர் ஆழத்துக்கும் அதற்குக் கீழும் இரையை இறக்குகிறார்கள். நீரோட்டம் வலுத்திருந்தால் குண்டு தரையில் நிற்காது. ஆகவே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் அசையாமல் நிற்கும் வேளைக்காகக் காத்திருக்கிறார்கள். பெர்ணம் ஆற்றின் முகத்துவாரத்தில் தூண்டில் போடுபவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகவே தெரியும். சால்மனுக்கோ படகை மெதுவாக ஓட்டியபடி, பளபளக்கும் தகட்டின் பின்னால் இரையை இழுத்துச் செல்ல வேண்டும். தூண்டில் முள்ளில், மீன் கழன்றுவிடாதபடி பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இருக்கக் கூடாது என்பது சட்டம். உரிமம் மட்டும் போதாது, சால்மனை வைத்துக்கொள்ளத் தனி முத்திரையும் வாங்க வேண்டும், அந்த முத்திரைப் பணம் பசிபிக் சால்மன் அறக்கட்டளைக்குச் செல்கிறது. சினூக் வகைச் சால்மனையோ ஹாலிபட்டையோ வைத்துக்கொண்டால், பிடித்த நாளையும் பகுதியையும் உடனே பதிய வேண்டும். ஹாலிபட் என்றால் அதன் நீளத்தையும் சேர்த்து எழுத வேண்டும். எங்களை அழைத்துச் சென்ற படகுக்காரர், மீனை அடிக்கும் முன்பே அளவுகோலை வைத்துப் பார்த்தார். அங்கு யாரும் அதைத் தொல்லையாக நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததன்று. மீன் குறைந்து வருவதைக் கண்ட கனடாவும் அமெரிக்காவும் 1923-ஆம் ஆண்டில் ஹாலிபட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, குளிர்கால மாதங்களில் பிடிப்பதை நிறுத்தி, இரு நாட்டுக்கும் பொதுவான ஆணையம் ஒன்றையும் அமைத்தன. பிரிட்டனின் கையெழுத்து இல்லாமல் கனடா தானே ஒப்பமிட்ட முதல் உடன்படிக்கை இதுதான் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஒரு மீனுக்காக அந்த நாடு அந்த அடியை எடுத்து வைத்தது. இன்று கனடாவுக்கு உரிய ஹாலிபட் பிடிப்பில் 85 விழுக்காடு தொழில்முறை மீனவர்களுக்கும் 15 விழுக்காடு பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்த 15 விழுக்காட்டுக்குள் நிற்பதற்காகவே உச்ச நீளம் வகுக்கப்படுகிறது என்றாலும், அதனால் பிழைப்பவை தாய்மீன்கள். மிகப் பெரிய ஹாலிபட்டுகள் ஏறத்தாழ எல்லாமே பெண் மீன்கள். பெண் ஹாலிபட் முட்டையிடும் பருவத்தை அடையவே சுமார் 12 ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய 23 கிலோ எடையுள்ள மீன் ஓர் ஆண்டில் 5 இலட்சம் முட்டைகள் இடுமென்றால், 110 கிலோவைத் தாண்டிய மீன் 40 இலட்சம் வரை இடும்.

இப்போது நம் சியாக்காப்பைப் பாருங்கள். சியாக்காப் பெரும்பாலும் முதலில் ஆணாகவே பருவமடைந்து, சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, பிறகு ஏறத்தாழ 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் நீளத்தை எட்டும் காலத்தில் பெண்ணாக மாறுகிறது. ஆகவே வார இறுதியில் நம் தூண்டில்காரர்கள் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய மீன் ஏறக்குறைய எப்போதும் பெண்தான். அத்தனை ஆண்டுகள் வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பி, முட்டையிடும் நிலைக்கு வந்த பிறகு பிடிபட்ட பெண். தென்னந்தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு, விதைத் தேங்காய்க்கென்று ஒதுக்கிய தாய்மரத்தை யாரும் வெட்டுவதில்லை என்பது தெரியும். ஆற்றில் மட்டும் ஏன் அந்த நியாயம் மறந்துபோகிறது? இதே மீனுக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 120 சென்டிமீட்டர் என்ற உச்ச வரம்பு இருக்கிறது. செனாங்கின் என்ற காலா மீனும் ஆணாக இருந்து பெண்ணாக மாறுவதே. கெராப்பு என்ற களவா மீன் இதற்கு நேர்மாறானது, பெண்ணாகத் தொடங்கி முதுமையில் ஆணாவது. அதனால் எல்லா மீனுக்கும் ஒரே அளவை எழுதி வைப்பதும் பயன் தராது.

இழுவைப் படகுகள் அள்ளிச் செல்வதன் முன்னால் தூண்டில்காரன் பிடிப்பது எம்மாத்திரம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இழுவைப் படகுகள் கரையோரத்துக்கு வருவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முகத்துவாரத்திலும் அலையாத்திக் காட்டு ஓரத்திலும் பெரிய சியாக்காப்பைத் தேடிப் போய்ப் பிடிப்பவர்கள் நாம்தான். சிறு வலையோடு கடலுக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றும் மீனவரிடம் இதை நான் கேட்கவில்லை. செம்பனைத் தோட்டத்து வேலையும் நகரத்து வேலையும் முடிந்து பொழுதுபோக்குக்காகப் படகேறும் என்னைப் போன்றவர்களிடம் கேட்கிறேன். சந்தையில் விற்கும் சியாக்காப்பில் பெரும்பகுதி கூண்டிலும் குளத்திலும் வளர்த்ததாக இருக்கும்போது, குழம்புக்காகத்தான் பெரிய மீனைக் கொல்கிறோம் என்ற வாதமும் நிற்காது.

மீனை உயிரோடு விடுவது கடினமான காரியமன்று. எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் தூண்டில் எளிதில் கழன்றுவிடும். மீனைத் தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், ஈரக் கையால் வயிற்றையும் தாங்கி, முடிந்தவரை நீருக்குள்ளேயே வைத்துக் கழற்ற வேண்டும். ஆழத்திலிருந்து வரும் கெராப்பின் காற்றுப்பை ஊதிவிடுவதுபோல், ஆழமற்ற முகத்துவாரத்தில் பிடிபடும் சியாக்காப்புக்கு நேர்வதில்லை. பக்குவமாக விட்டால் அது நீந்திப் போய்விடும்.

மீன்வளத் துறை, பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு மட்டுமாவது, சியாக்காப்புக்கும் செனாங்கினுக்கும் உச்ச நீளத்தையும் ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்ற வரம்பையும் அறிவிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரை தாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பெரிய மீனோடு நிற்பவரின் படத்தை வெளியிடும்போதெல்லாம், அதன் நீளத்தையும், மீன் திரும்ப விடப்பட்டதா இல்லையா என்பதையும் படத்தின் கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.