வீட்டுப் பட்டியலும் கட்டட அனுமதியும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊராட்சிகளில் அரசு வீடு யாருக்கு ஒதுக்கப்படுகிறது, கரையோரத்தில் எந்தக் கட்டடத்துக்கு யார் அனுமதி தருகிறார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் பொறுப்பாகப் பதில் சொல்ல ஆள் இல்லாத நிலை நிலவுகிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்லியிருந்தும், 2016-க்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் நாம் பார்த்த அதே நிலைதான் திரும்ப வந்தது. அலுவலர்கள் வேலை செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றியம் முழுவதும் உள்ள ஊராட்சிகளை ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராக இருந்து பார்க்கும்போது, கடைசித் தெருவில் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் என் கேள்வி. ஊராட்சித் தலைவர் என்றால் அவர் வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவது இலக்கு. நல்ல திட்டம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொந்த மனையும் பட்டாவும் இருப்பவருக்கே அது கிடைக்கும் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் கடற்கரைப் புறம்போக்கில் குடியிருக்கும் மீனவக் குடும்பங்கள் பட்டியலின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. எங்கள் பகுதியில் பாசி எடுத்துப் பிழைக்கும் விதவைப் பெண் ஒருவரின் விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன். பனை ஓலைக் கூரை, அதன்மேல் நீலத் தார்ப்பாய், அது பறக்காமலிருக்கப் பழைய வலையை விரித்து நான்கு மூலையிலும் கல் கட்டியிருக்கிறார். வாடைக் காற்று தொடங்கினால் அந்தக் கல்லும் நிற்பதில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் பென்சிலால் ‘கடலோர மண்டலம், இயலாது’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை, தேதி இல்லை, எந்த விதியின்படி இயலாது என்ற விவரமும் இல்லை.

அவர் குடிசையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஊரார் வலை உலர்த்தியும் கருவாடு காயப்போட்டும் வந்த மணலில், சுற்றுச்சுவருடன் ஒரு தங்கும் விடுதி எழும்பி நிற்கிறது. அதற்கு அனுமதி உண்டா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் நகர் ஊரமைப்புத் துறையைக் கேட்கச் சொல்கிறார்கள். அங்கே கேட்டால், கடலோர மண்டல அனுமதி தங்கள் வேலை இல்லை என்கிறார்கள். அந்த அனுமதிக்கு உரியவர்களோ ஊராட்சியின் அறிக்கை வரட்டும் என்கிறார்கள். அனுமதி முறைப்படியே வழங்கப்பட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. முறைப்படி வழங்கப்பட்ட ஒன்றைக் காட்டுவதற்கு இவ்வளவு தயக்கம் ஏன்?

கடற்கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி மீனவருக்கு வீடே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் மேல் எல்லையிலிருந்து) 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில், உள்ளூர் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் தங்கள் குடியிருப்புக்கான வீடுகளைக் கட்டிக்கொள்ள அது நிபந்தனைகளுடன் இடம் தருகிறது. இந்த விதியை வகுத்த 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, முறையான ஒப்புதல் பெறாமல் போன மீனவர் வீடுகளை வரன்முறைப்படுத்தவும் வழி சொன்னது. அந்த வீடுகளைக் கடலோரச் சமூகத்தைச் சேராதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னது. மீனவக் கிராமங்களை வரைபடத்தில் குறித்து, அவர்களுடைய நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்க வேண்டிய பொறுப்பு மாநில அரசுக்கு அன்றும் இருந்தது, அதன் இடத்தில் வந்த 2019 அறிவிக்கைக்குப் பிறகும் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் நம் ஊருக்கு எத்தனை வீடு, எந்தச் சர்வே எண்ணில் என்று கேட்டால், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊராட்சி அலுவலகத்தில் பதில் கிடைக்கும்? வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் வரைபடத்தில் குறிக்கப்படாவிட்டால், நாளை அவை வெறும் காலி மனைகளாகத்தான் ஏட்டில் தெரியும்.

இது மீனவருடைய கவலை மட்டுமன்று. 2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, தீவில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். மணல்மேடுகளைச் சமப்படுத்தி, தண்ணீர் கடலுக்கு வடியும் பள்ளங்களை மண்ணடித்து மனை போட்டால் மழைநீருக்கு வேறு போக்கிடம் கிடையாது. கோடையில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதும் அதே மணலில்தான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு தீவில் மட்டுமல்ல, மண்டபம் பக்கத்திலும் நிலத்தின் விலை பற்றிய பேச்சுத்தான் எங்கும் கேட்கிறது. 1964-இல் தனுஷ்கோடியை இழந்த மாவட்டம் இது என்பதை அனுமதிக் கோப்பில் கையெழுத்திடுபவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அலுவலகப் படியேறி அலைந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை, நானும் வரவேற்கிறேன். ஆனால் முன்கூட்டி நேரில் வந்து பார்ப்பவர் இல்லாமல் வழங்கப்படும் அனுமதியை, வழங்கிய பிறகாவது ஊருக்குத் தெரிவிக்க வேண்டாமா? எங்கள் ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையில் சென்ற ஆண்டின் வரி வசூல் அறிவிப்புதான் இன்னும் ஒட்டியிருக்கிறது.

தேர்தலை அறிவிப்பது மாவட்ட நிர்வாகத்தின் கையில் இல்லை என்பது தெரியும். கிராம சபை அதன் கையில் இருக்கிறது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் இந்தச் சபையில், பெரும்பாலும் முன்பே தட்டச்சு செய்த தீர்மானங்கள் வேகமாக வாசிக்கப்பட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கப்படுவதுடன் கூட்டம் முடிகிறது. சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்று கேட்பவரை வம்புக்காரர் என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. தீர்மானப் புத்தகத்தின் நகல் கேட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொல்கிறார்கள். இத்தகைய தகவல்களை மனு இல்லாமலே தாமாக வெளியிட வேண்டும் என்று சொல்வதும் அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ஆகவே மாவட்ட ஆட்சியர் அவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபை முதல், கடலோர ஊராட்சிகள் அனைத்திலும் வீட்டுத் திட்டப் பயனாளிகளின் பட்டியல், நிராகரிக்கப்பட்டவர்களின் பெயரும் அதற்கான விதியும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும். அதே கூட்டத்தில், இடைப்பட்ட காலத்தில் அனுமதி பெற்ற கட்டடங்களின் சர்வே எண், பரப்பு, பயன்பாடு ஆகியவையும் அறிவிக்கப்பட வேண்டும். கடலோர மண்டல வரைபடத்தில் அந்தந்த ஊரின் பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட அதிகச் செலவாகாது. மேலே சொன்ன பெண்ணைப் போல் பென்சில் குறிப்புடன் விண்ணப்பம் திரும்பப் பெற்றவர்களுக்கு, விதியைக் குறிப்பிட்டு, அலுவலர் கையெழுத்துடன் எழுத்துப்பூர்வமான பதில் மீண்டும் அனுப்பப்பட வேண்டும். அப்படி ஒரு பதில் இருந்தால்தான் அவர்களால் மேல்முறையீடு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.